கலைந்தும் கூடும் கற்கள்

வளர்ந்தோர் லெகோ என்னும் விளையாட்டுக் கற்களை வாங்கிச் சேர்த்து, வீடும் கோட்டையும் கட்டி அழகுபார்ப்பது சிறுபிள்ளைத்தனம் என்று நகைப்பார் உளர். யாம் அவ்வாறு கருதவில்லை. நவராத்திரியிற் கொலு அடுக்கும் மூதாட்டியரையும், கிறிஸ்து பிறப்புப் பண்டிகைக்குக் குடில் அமைக்கும் பெரியோரையும் எவரேனும் நகைத்ததுண்டோ?

டென்மார்க்கு நாட்டுத் தச்சர் ஓலே கிர்க் கிறிஸ்தியான்சென் 1932-ஆம் ஆண்டு மரப்பொம்மைத் தொழிலாகத் தொடங்கியதே லெகோ. அதன் பிளாஸ்டிக் கல் 1958-இல் இன்றைய இணைப்புமுறையைப் பெற்றது. அவ்வாண்டின் கல் இன்றைய கல்லோடும் பொருந்தும். எட்டுக் குமிழுடைய ஒருநிறக் கற்கள் ஆறனை 91,51,03,765 வகையாக இணைக்கலாம் என்பர் கணிதர்.

ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் நம்மவருட் பலர் தோற்றொழிலால் வாழ்பவர். தோல் வெட்டுவோன் கத்தி ஒருமுறை தவறின் அத்தோல் மீளாது. விளையாட்டுக் கல்லோ, தவறியதைக் கழற்றி மீண்டும் கட்ட இடந்தருகின்றது. நாள்முழுதும் பிழைக்கு அஞ்சி உழைக்கும் கைக்கு இதனினும் நல்ல ஓய்வு யாது?

ஒன்றுமட்டும் வேண்டுகின்றோம். விலைமிக்க பெட்டிகளைப் பிரியாது பூட்டிவைத்தல் பொருளீட்டலேயன்றி விளையாட்டன்று. கொலுவுக்கு அழைப்பதுபோல் அயலாரை அழைத்துக் காட்டுக; வாங்க இயலாச் சிறுவர் கையிலும் சில கற்களைக் கொடுத்துக் கட்டச் சொல்லுக.