எலும்புப் படத்தில் தெரியும் கிணறு

மூட்டுவலி, முதுகுவலி, கழுத்து இறுக்கம் ஆகியவற்றுக்காக மருத்துவமனைக்கு வரும் பெரியவர்களும் அவர்களை அழைத்து வரும் குடும்பத்தாரும் இன்று முதலில் எதிர்பார்ப்பது எம்.ஆர்.ஐ. ஸ்கேன். “ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டால் நிம்மதி” என்ற எண்ணத்தில் தவறில்லை. ஆயினும் மேட்டூரைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும், மாவட்ட எல்லைக்கு அப்பால் பென்னாகரம், நல்லம்பள்ளி, பாலக்கோடு முதலிய பகுதிகளிலிருந்தும் வருவோரிடம் எந்தப் படத்தையும் எடுப்பதற்கு முன் கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: “இத்தனை ஆண்டுகளாக எந்தத் தண்ணீரைக் குடித்து வந்தீர்கள்?” இதற்கான விடை தெரியாமல் நம் வட்டாரத்து எலும்புப் படத்தைச் சரியாக வாசிக்க இயலாது என்பது என் உறுதியான கருத்து.

காரணம், நம் காலடியில் உள்ள பாறை. சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் பழமையான கடும்பாறை நிலப்பரப்பின் மேல் அமைந்தவை. அப்பாறைகளின் கனிமங்களில் ஃபுளோரைடு இருக்கிறது. மழைநீர் பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கும்போது அது சிறிது சிறிதாக நீரில் கரைகிறது. கிணறு வற்றி, ஆழ்துளைக் கிணறு போட்டு, அதுவும் வற்றி இன்னும் ஆழமாகத் துளையிடும்போது, பாறையோடு நெடுநாள் உறவாடிய நீரே நம் குடத்திற்கு வருகிறது. அந்த நீருக்கு நிறமோ மணமோ கிடையாது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருத்தல் ஆகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. இந்தியத் தர நிர்ணய அமைவனமோ 1 மில்லிகிராமையே ஏற்கத்தக்க அளவாகக் கொள்கிறது. வேறு நீர் கிடைக்காதபோது மட்டும் 1.5 வரை அனுமதிக்கிறது.

உடலுக்குள் சென்ற ஃபுளோரைடில் ஒரு பங்கு சிறுநீரில் வெளியேறிவிடும். எஞ்சுவதில் பெரும்பங்கு எலும்பில் சென்று தங்குகிறது. எலும்பின் கனிமக் கட்டமைப்பில் தனக்கென ஓர் இடம் பிடித்து, எலும்பை உருவாக்கும் செல்களைத் தூண்டுகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல எலும்பு தடிக்கிறது. தசைநாண்களிலும் மூட்டுகளைப் பிணைக்கும் தசைநார்களிலும் சுண்ணாம்புச் சத்து படிகிறது. வளைய வேண்டிய முதுகெலும்பு நாளடைவில் ஒரே கழி போல இறுகுகிறது. சிலருக்குத் தண்டுவடக் கால்வாய் குறுகி, கால்கள் வலுவிழந்து, நடையும் தடைப்படுகிறது. இதுவே எலும்பு ஃபுளோரோசிஸ் என்னும் நோய்.

இந்த நோய் உலகத்தின் கண்ணுக்குப் புலப்பட்டதே எக்ஸ்ரே படத்தின் வழியாகத்தான். 1932ஆம் ஆண்டு டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில், கிரையோலைட் என்னும் ஃபுளோரைடு நிறைந்த கனிமத்தை அரைக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்குத் தூசியால் நுரையீரல் கெட்டிருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்த்தனர். அப்படங்களில் மருத்துவர்கள் மோலரும் குட்ஜான்சனும் எதிர்பாராத ஒன்றைக் கண்டனர். எலும்புகள் வழக்கத்தை விட அடர்த்தியாக, வெள்ளை வெளேரென்று தெரிந்தன.

ஐந்தே ஆண்டுகளில் அதே காட்சி நம் மண்ணிலும் பதிவாயிற்று. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில், முதுகும் மூட்டுகளும் இறுகிப்போன கிராமத்து மக்களைப் பற்றி 1937ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரைகள் வெளியாயின. கிண்டி கிங் நிலையத்தைச் சேர்ந்த ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகியோர் நோயாளிகளின் உடலையும் அவர்கள் குடித்த கிணற்று நீரையும் சேர்த்து ஆராய்ந்தனர். அதே ஆண்டு ஷார்ட் எழுதிய மற்றொரு கட்டுரையில் கதிரியல் மருத்துவர் பர்னார்டும் பங்கேற்றார். சென்னை அரசுப் பொது மருத்துவமனை வளாகத்தில் இன்றும் இயங்கும் பர்னார்டு கதிரியல் நிலையம் அவர் பெயரைத் தாங்கியதே. அந்நிலையமும் நம் மேட்டூர் அணையும் திறக்கப்பட்டது ஒரே ஆண்டில், 1934இல்.

அந்த முன்னோடிகளின் பணியில் நாம் கவனிக்க வேண்டியது இதுதான்: அவர்கள் படத்தோடு நின்றுவிடவில்லை. எலும்பைப் பார்த்தவர்கள் கிணற்றையும் பார்த்தார்கள். நோயாளியிடம் கண்டதற்கான விடையை ஊரின் நீரில் தேடினார்கள். தொண்ணூறு ஆண்டுகள் நெருங்கும் இந்நாளில் நம்மிடம் சி.டி., எம்.ஆர்.ஐ., எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்சா என எத்தனையோ கருவிகள் உள்ளன. கருவி பெருகிய அளவுக்கு அந்தப் பழைய கேள்வி பெருகவில்லை என்பதே என் குறை.

இங்கு ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். இந்நோயைக் காட்டிக் கொடுப்பதில் விலையுயர்ந்த ஸ்கேன் முதலிடம் பெறுவதில்லை. தசைநாரில் படிந்த சுண்ணாம்பு எம்.ஆர்.ஐ. படத்தில் தெளிவாகத் தெரிவது அரிது. சாதாரண எக்ஸ்ரேயிலோ பளிச்சென்று தெரியும். அதிலும் முன்கைப் படம் தனிச் சிறப்புடையது. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே உள்ள இரண்டு எலும்புகளைத் திரை போன்ற ஒரு சவ்வு இணைக்கிறது. அச்சவ்வில் சுண்ணாம்பு படிந்து, எலும்பின் ஓரம் சொரசொரப்பாகத் தெரியுமானால், ஃபுளோரோசிஸ் என்று ஐயுற அது வலுவான சான்று. முதுகுத் தண்டும் இடுப்பெலும்பும் அடர்ந்து தெரிவது அதற்குத் துணைச் சான்று. கால் மரத்தல், நடை தடுமாற்றம், சிறுநீர் கழிப்பதில் சிரமம் போன்ற அறிகுறிகள் இருந்தால் மட்டும், தண்டுவடம் நசுங்குகிறதா என்பதை அறிய எம்.ஆர்.ஐ. இன்றியமையாதது. அப்போது அதைத் தள்ளிப்போடவும் கூடாது.

தண்ணீரைக் கேட்காமல் படத்தை மட்டும் பார்த்தால் நேரக்கூடிய பிழைகள் சிறியவை அல்ல. இறுகிய முதுகெலும்பு, முதுகெலும்பை இறுக்கும் வேறொரு வாத நோயாகக் கொள்ளப்படலாம். சிறுநீரகக் கோளாறால் வரும் எலும்பு மாற்றமும் இதை ஒத்திருக்கக் கூடும். எல்லாவற்றையும் விடக் கொடியது, ஒரு முதியவரின் அடர்ந்த வெண்ணிற எலும்புகள் புராஸ்டேட் புற்றுநோய் எலும்பில் பரவியதைப் போலத் தோற்றமளிப்பது. அந்த ஐயம் எழுந்த வீட்டில் அன்றிரவு யார் உறங்குவார்? இரத்தப் பரிசோதனையும் மற்ற ஆய்வுகளும் உண்மையைத் தெளிவாக்கிவிடும். ஆனால், “நாங்கள் முப்பது ஆண்டுகளாக ஆழ்துளைக் கிணற்று நீரைத்தான் குடிக்கிறோம்” என்ற ஒரே வாக்கியம் மருத்துவரின் சிந்தனையை முன்னதாகவே சரியான வழியில் திருப்பக் கூடும்.

இன்னொரு மயக்கமும் உண்டு. “டெக்சாவில் எலும்பு அடர்த்தி நன்றாக இருக்கிறது, எனவே எலும்பு வலுவாக இருக்கிறது” என்று பலரும் கருதுகின்றனர். அடர்த்தி வேறு, வலிமை வேறு. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் எலும்புத் தேய்மானம் உடைய 202 பெண்களிடம் நான்கு ஆண்டுகள் நடந்து, 1990இல் வெளியான ஆய்வு இதை நன்கு உணர்த்துகிறது. சோடியம் ஃபுளோரைடு கொடுக்கப்பட்டோரின் இடுப்பு முதுகெலும்பு அடர்த்தி சுமார் 35 விழுக்காடு கூடியது. ஆனால் முதுகெலும்பு முறிவுகள் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. மற்ற எலும்புகளின் முறிவுகளோ அதிகரித்தன. ஃபுளோரைடு கட்டிய எலும்பு, சரியாக வேகாத செங்கலால் எழுப்பிய சுவரைப் போன்றது. பார்வைக்குத் தடிமன், தாங்கும் திறன் குறைவு. எனவே நம் பகுதியில் நல்ல டெக்சா எண் ஒன்று கிடைத்தால், மகிழ்வதற்கு முன் குடித்த நீரையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

“கண்டுபிடித்து என்ன பயன்? இதற்கு மருந்து இல்லையே” என்று கேட்போர் உண்டு. படிந்த சுண்ணாம்பைக் கரைத்தெடுக்கும் மருந்து இன்றுவரை இல்லை என்பது மெய்தான். ஆயினும் நீரை மாற்றினால் புதிய படிவு நிற்கும். எலும்பில் சேர்ந்த ஃபுளோரைடு பல ஆண்டுகளில் மெல்ல மெல்லக் குறையும். தொடக்க நிலையில் உள்ளோருக்கு வலி தணியவும் வாய்ப்புண்டு. அதைவிட முக்கியமானது, அதே குடத்து நீரைக் குடிக்கும் பேரக் குழந்தைகளின் நிலை. தாத்தாவின் முன்கைப் படம் தாத்தாவைப் பற்றிய செய்தி மட்டும் அன்று. அந்த வீட்டின் தண்ணீரைப் பற்றிய செய்தியும் ஆகும். ஆகவே ஓர் எக்ஸ்ரேயில் ஃபுளோரோசிஸ் என்று தெரிந்தால், வலி மாத்திரையோடு அந்நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிடுவது மருத்துவத்தின் பாதி வேலையே. அவர் ஊரின் நீரைச் சோதிக்கச் செய்வதும், அவ்வீட்டுப் பிள்ளைகளின் பற்களில் வெண்திட்டோ பழுப்புக் கறையோ உள்ளதா என்று பார்ப்பதும் மீதிப் பாதி.

அரசும் இதை உணராமல் இல்லை. ஃபுளோரோசிஸ் தடுப்புக்கான தேசியத் திட்டம் 2008-09இல் தொடங்கப்பட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கான ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது. ஃபுளோரோசிஸ் பாதிப்பைத் தணிப்பது என்பது அத்திட்டத்தின் பெயரிலேயே இடம்பெற்றுள்ளது. மேட்டூர் நீர்த்தேக்கத்தை வந்தடையும் அதே காவிரி, அதற்கு முன்பே ஒகேனக்கலில் எடுக்கப்பட்டு, எலும்பு நோய்க்குத் தடுப்பு மருந்தாக அவ்வூர்களுக்குச் செல்கிறது. ஆனால் குழாய் வந்துவிட்டதாலேயே பழக்கம் மாறிவிடுவதில்லை. நீர் வராத நாள்களில் ஆழ்துளைக் கிணற்று நீரையே குடிப்பதும், “அதில்தான் சுவை” என்று அதையே சமைக்கப் பயன்படுத்துவதும் பல வீடுகளில் உள்ள வழக்கம். ஆற்று நீரைக் குடிக்கவும் சமைக்கவும், ஆழ்துளைக் கிணற்று நீரைத் துவைக்கவும் குளிக்கவும் எனப் பிரித்துக்கொள்வதே அறிவுடைமை.

நோயாளிகளும் அவர்களைப் பேணுவோரும் செய்யத்தக்கவை சில. மருத்துவரிடம் வரும்போது, பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், எங்கே எத்தனை ஆண்டுகள் எந்த நீரைக் குடித்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி வாருங்கள். திருமணமாகி ஊர் மாறிய பெண்களுக்கு இது மிகவும் தேவை. பழைய எக்ஸ்ரே படங்களை எறிந்துவிடாமல் எடுத்து வாருங்கள். முழங்காலை மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொடுதல், முகவாயை மார்பில் படவைத்தல், கைகளை மடக்கித் தலையின் பின்புறத்தைத் தொடுதல் ஆகிய மூன்றையும் வீட்டில் மெதுவாகச் செய்து பாருங்கள். கடுமையான வலி இருப்போர் இதனைத் தவிர்க்கலாம். இயலவில்லை என்றால் ஃபுளோரோசிஸ்தான் என்று முடிவு கட்ட வேண்டாம். மருத்துவரிடம் தெரிவித்தால் போதும். கருவுற்றிருப்போர் எந்த எக்ஸ்ரேக்கு முன்னரும் அதைச் சொல்லிவிட வேண்டும்.

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாகிச் சுண்டுவதால் அதன் அடர்த்தி சற்றுக் கூடவே செய்யும். ஆர்.ஓ. கருவி ஃபுளோரைடைப் பெருமளவு நீக்கும். எனினும் உரிய காலத்தில் பராமரிக்க வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் உங்கள் கிணற்று நீரைச் சோதித்துக்கொள்ளலாம். சுண்ணாம்புச் சத்துக் குறைவு ஃபுளோரைடின் தீமையை மிகுவிக்கும் என்பதால் பால், தயிர், மோர், கேழ்வரகு, கீரை ஆகியவை அன்றாட உணவில் இடம்பெறட்டும். சிறுநீரக நோய் உள்ளோர் மட்டும் உணவு மாற்றத்திற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

எல்லா மூட்டுவலியும் தண்ணீரால் வருவதன்று. முழங்கால் தேய்மானம், சவ்வு விலகல், வாதம் என வேறு காரணங்களே பலருக்கு இருக்கும். ஆனால் கேட்டு விலக்குவது ஒன்று. கேட்காமலே விட்டுவிடுவது வேறொன்று. எங்களில் யாரேனும் அக்கேள்வியைக் கேட்க மறந்தால், “டாக்டர், எங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றியும் சொல்கிறேன்” என்று நீங்களே தொடங்குங்கள். எந்தத் தயக்கமும் வேண்டாம்.