குலத்தொழிலுக்குக் கடனாம்!

இந்திய சர்க்கார் 2023-ஆம் வருஷம் செப்டம்பர் 17-ந் தேதி 'பி.எம். விசுவகர்மா' என்ற ஒரு திட்டத்தை ஆரம்பித்து வைத்ததைத் தோழர்கள் அறிவார்கள். விசுவகர்மா ஜெயந்தி என்பதற்காக அந்தத் தேதியைப் பிடித்தார்களாம். குலத்தொழில் முறை ஒழிய வேண்டுமென்று ஆயுள் முழுதும் பாடுபட்ட பெரியார் பிறந்த தேதியும் அதுவேதான் என்பது ஒரு வேடிக்கை.

திட்டம் என்ன சொல்லுகின்றதென்றால், தச்சர், கருமார், பொற்கொல்லர், குயவர், செருப்புத் தைப்பவர், முடிவெட்டுபவர், துணி வெளுப்பவர், கூடை முடைபவர் முதலிய 18 தொழில்களைக் கையால் செய்பவருக்கு, ஐந்து முதல் ஏழு நாள் பயிற்சியும், பயிற்சிக் காலத்தில் நாளொன்றுக்கு 500 ரூபாயும், கருவி வாங்க 15,000 ரூபாயும், முதலில் ஒரு லட்சம் பிறகு இரண்டு லட்சமாக 5 சதவிகித வட்டிக்குக் கடனும் கிடைக்கும் என்பதாகும். விண்ணப்பம் கம்ப்யூட்டரில்; அடையாளம் ஆதாரில் விரல் ரேகை வைத்து; பணம் வாங்குவதும் கொடுப்பதும் போனில். மிஷின் எல்லாம் இந்த நூற்றாண்டு மிஷின்தான். ஆனால் அதற்குள் வைத்திருக்கும் சரக்கு எந்தக் காலத்துச் சரக்கு என்று பார்க்க வேண்டாமா?

இத்திட்டத்தில் சேர வயது 18 ஆனால் போதும். பதினெட்டு என்பது எந்த வயது? ஒரு பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, கல்லூரிக்குப் போவதா வேலைக்குப் போவதா என்று நிற்கின்ற வயது. அந்த நேரத்தில், கடன்பட்ட தகப்பனுக்கு முன்னால் பணத்தை நீட்டி, "பையனைத் தொழிலில் உட்கார வை" என்றால் அந்த வீட்டில் என்ன நடக்கும்? கல்லூரிக்குப் பணம் கட்ட வேண்டும். இதற்கோ பணம் கைக்கு வரும். ஏழை எந்தப் பக்கம் சாய்வான் என்பது தெரிந்தே செய்த ஏற்பாடு இது என்று ஏன் சொல்லக்கூடாது?

"திட்டத்தில் எங்காவது சாதிப் பெயர் இருக்கின்றதா?" என்று சிலர் நம்மைக் கேட்கின்றார்கள். இல்லைதான். ஆனால் குடும்ப வழியாக வருகின்ற பாரம்பரியத் தொழில் என்றும், குரு சிஷ்ய பரம்பரையை வளர்ப்பது என்றும் சர்க்காரே எழுதி வைத்திருக்கின்றார்களே, அதற்கு அர்த்தமென்ன? இந்த நாட்டில் குடும்பத்தோடு வரும் தொழிலுக்குச் சாதி என்பதல்லாமல் வேறு என்ன பெயர்? மேலும், பரம்பரையாக, பெரும்பாலும் பிறப்பையே பார்த்து, இன்றுவரை நடந்துவரும் தொழில் ஒன்று உண்டு. அதுதான் கோவிலில் மணியாட்டும் தொழில். அந்தத் தொழிலுக்கு இந்த 18-இல் இடமில்லை. ஏன்? அவர்கள் பிள்ளைகளைக் குலத்தொழிலில் உட்கார வைக்க யாரும் விரும்பவில்லை. அவர்கள் பிள்ளைகள் சீமைக்குப் போக வேண்டும். பரம்பரை என்பது வெளுப்பவனுக்கும் சிரைப்பவனுக்கும் மட்டும் பெருமையாம்!

நிற்க, பெண்ணாடத்தை எடுத்துக் கொள்வோம். மெய்கண்டார் பிறந்த ஊர் என்று சைவர்கள் இவ்வூரைப் பற்றிப் பெருமை பேசுவார்கள். அவர் குழந்தையிலேயே ஞானம் பெற்றார் என்றும் கதை சொல்லுவார்கள். ஞானம் ஒருவனுக்குப் பிறவியோடு வரும் என்கின்ற அந்தக் கதைக்கும், பானை வனையும் திறம் இன்னொருவனுக்குப் பிறவியோடு வரும் என்கின்ற இந்தத் திட்டத்துக்கும் அதிக தூரமில்லை. பிறவியோடு வருவது பசி ஒன்றுதான். மற்றவையெல்லாம் கற்றால் வருபவை.

இதற்குச் சாட்சி அடுத்த ஊராகிய விருத்தாசலத்திலேயே இருக்கின்றது. அங்கே பீங்கான் தொழிற்பேட்டை இருக்கின்றது. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் சர்க்கார் கல்வி நிலையமும் இருக்கின்றது. களிமண்ணோடு வேறு கற்பொடிகளையும் எந்த அளவில் கலப்பது, ஆயிரம் டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் எத்தனை நேரம் வேக வைப்பது என்பதெல்லாம் அங்கே பாடம். எந்தச் சாதிப் பிள்ளையும் படிக்கலாம். சூளை யாருடைய பாட்டன் பெயரையும் கேட்பதில்லை. அளவு தப்பினால் எவன் செய்ததும் வெடிக்கும். மண் ஒன்றுதான். அதைச் சக்கரத்தில் வைத்து வனைந்தால் அது குலத்தொழில். பள்ளியில் படித்துச் செய்தால் அது விஞ்ஞானம். முன்னதில் சாதி நிலைக்கின்றது. பின்னதில் சாதி உதிர்கின்றது. எந்தக் கதவைத் திறப்பது என்பது மிஷின் செய்கின்ற முடிவல்ல. ஆளுகின்றவர்கள் செய்கின்ற முடிவு.

இது நமக்குப் புதிதுமல்ல. 1953-இல் ஆச்சாரியார் ராஜகோபாலாச்சாரியார் முதன்மந்திரியாயிருந்தபோது, கிராமத்துப் பிள்ளைகள் மூன்று மணி நேரம் மட்டும் பள்ளிக்கூடம் போய், மிச்ச நேரத்தில் தகப்பன் தொழிலைக் கற்க வேண்டும் என்றார். நாடே எதிர்த்து நின்றது. 1954-இல் காமராசர் பதவிக்கு வந்ததும் அது குப்பைக்குப் போயிற்று. அன்று பள்ளிக்கூடத்தைக் குறைத்துச் செய்ய முயன்றதை இன்று கடன் கொடுத்துச் செய்யப் பார்க்கின்றார்கள். வித்தியாசம் இவ்வளவே.

"அப்படியானால் கைத்தொழில் கேவலமா?" என்பார்கள். இல்லை. இன்று சக்கரம் சுற்றுகின்றவருக்கு மின்சாரச் சக்கரம் கொடுங்கள், கடன் கொடுங்கள், நல்ல விலை கிடைக்க வழி செய்யுங்கள். அவர் தோள்வலி குறைய வேண்டியதுதான். நாம் ஆட்சேபிப்பது அவர் மகனையும் அங்கேயே கட்டிப் போடுவதைத்தான். இதனாலேயே தமிழ்நாட்டு சர்க்கார் 2024 நவம்பரில் இத்திட்டத்தை இந்த உருவில் ஏற்க மாட்டோம் என்று எழுதி, 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கினார்கள். அதில் 25 தொழில்கள். குடும்பத் தொழிலாக இருக்க வேண்டியதில்லை. வயது 35-க்கு மேல். மூன்று லட்சம் வரை கடன். அதில் கால் பங்கு, 50,000 ரூபாய்க்கு மேற்படாமல், மானியம். முப்பத்தைந்து வயதானவன் தன் தொழிலைத் தானே முடிவு செய்தவன். பதினெட்டு வயதுக்காரனுக்கோ மற்றவர்கள் முடிவு செய்கின்றார்கள்.

ஆனால் ஒரு திட்டத்தை மறுத்ததோடு வேலை தீர்ந்தது என்று நாம் கருதவில்லை. மறுத்தவர்கள் பதினெட்டு வயதுக்கு வேறொன்று கொடுத்தாக வேண்டும். கல்லூரிச் சம்பளம், விடுதி, பயணச் செலவு ஆகியவை இல்லாமல் எந்தப் பிள்ளையும் படிப்பை நிறுத்தக் கூடாது. ஆண் பிள்ளைக்குச் சொல்லுவது பெண் பிள்ளைக்கும் சேர்த்துத்தான்.

பெண்ணாடத்துத் தோழர்களே! உங்கள் தெருவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை எவர் வீட்டில் இருந்தாலும் போய்க் கேளுங்கள். கடன் விண்ணப்பம் நிரப்ப ஆள் வருவதற்கு முன்னால், கல்லூரி விண்ணப்பத்தை நீங்கள் நிரப்பிக் கொடுங்கள். தகப்பனுக்குக் கடன், மகனுக்கும் மகளுக்கும் படிப்பு என்பதே நாம் கேட்பது. மகனுக்கும் கடன்தான் என்றால், அது தொழில் உதவியல்ல, வருணாச்சிரமத்துக்கு வட்டி கட்டுவதாகும்.