நட்சத்திரமும் நடையும்

கார்த்திகை அகல்கள் அணைந்து சில நாட்களுக்குள் கிறிஸ்துவர் வீட்டு வாசல்களில் காகித நட்சத்திரங்கள் ஏறிவிடுகின்றன. விளக்கை வாசலில் வைப்பதற்கு நம்மவருக்கு ஒருவரும் கற்றுத் தரவேண்டியதில்லை. ஆனால் அந்த நட்சத்திரத்தின் பொருள் யாது என்று நேயர்களில் எத்தனை பேர் நின்று யோசித்திருப்போம்? நாமும் யோசித்ததில்லை, சென்ற வாரம் ஒரு சிறுவன் நம்மை யோசிக்க வைத்தான்.

அவன் நம் வகுப்பு மாணவன். மூங்கிற் பிளாச்சும் வர்ணக் காகிதமும் பசைக் கிண்ணமுமாக மாலையில் நம் வீட்டுத் திண்ணைக்கு வந்தான். "ஸார், ஐந்து முனை நட்சத்திரம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் நட்சத்திரமாகவே தெரியும்படி ஒன்று செய்ய முடியுமா?" என்றான். அவன் தகப்பனார் கடல் கடந்த ஊரில் வேலை பார்க்கிறார். இந்த வருஷமும் பண்டிகைக்கு வரவில்லை. நட்சத்திரத்தைப் படம் பிடித்து அவருக்கு அனுப்புவதாக உத்தேசம்.

அவன் கேட்ட நட்சத்திரம் உலகத்தில் முன்னமே இருக்கிறது. அது பிறந்ததும் ஒரு பள்ளிக்கூடத்தில்தான். மொராவிய தேசத்தில் மத நிமித்தம் துன்புற்ற சிலர் ஜெர்மனியில் ஸின்ஸன்டார்ப் என்னும் பிரபுவின் நிலத்தில் அடைக்கலம் புகுந்து, 1722-ல் ஹெர்ன்ஹூட் என்னும் ஊரை ஏற்படுத்தினர். இச்சகோதர சபையார் 1732 முதல் தூர தேசங்களுக்கு ஊழியர்களை அனுப்பலாயினர். 1760-ல் சிலர் நம் தரங்கம்பாடிக்கும் வந்து குடியேறினர். அவ்வூர் அப்போது டேனிஷ்காரர் வசம் இருந்தது.

இவ்விதம் பரதேசம் சென்றவர்களின் பிள்ளைகள் பலர் ஜெர்மனியிலேயே விடுதிப் பள்ளிகளில் தங்கிப் படித்தனர். கப்பலில் கடிதம் வந்து சேர மாதக் கணக்காகும் காலம் அது. அப்பள்ளிகளுள் ஒன்று நீஸ்கி என்னும் ஊரில் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், க்ஷேத்திர கணித வகுப்பில் கன உருவங்களைப் பிள்ளைகளுக்கு விளக்குவதற்காக இந்தப் பல முனை நட்சத்திரம் தோன்றியது என்று சொல்லப்படுகிறது. பண்டிகைக்கு நான்கு வாரம் முன்னதாகப் பிள்ளைகள் தாமே காகிதத்தில் அதைச் செய்து, உள்ளே விளக்கேற்றித் தொங்கவிடுவது வழக்கமாயிற்று. பாடம் கற்பிக்க வந்த உருவம் பிரிவைத் தாங்கும் துணையாயிற்று.

கணக்கை அவனுக்குத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் போட்டுக் காட்டினோம். நடுவிலிருக்கும் உருவத்துக்குச் சதுர முகங்கள் 18, முக்கோண முகங்கள் 8, ஆக 26. தொங்கவிடவும் விளக்கை உள்ளே விடவும் ஒரு சதுரத்தை விட்டுவிட்டால், மீதி 25 முகங்களிலும் 25 முனைகளை ஒட்டலாம். பையன் விரல் விட்டு எண்ணிச் சரி பார்த்தான். பிறகு பிளாச்சைச் சீவிக்கொண்டே கேட்டான்: "ஸார், நட்சத்திரம் ஆகாயத்தில்தானே இருந்தது? தூர தேசத்தாருக்குத் தெரிந்தது, எருசலேமில் இருந்தவர்களுக்கு ஏன் தெரியவில்லை?"

நாம் பட்டம் பெற்றவர். இருபது வருஷமாக உபாத்தியாயர். உடனே பதில் சொல்ல வரவில்லை. "நாளைக்குச் சொல்கிறோம்" என்று அனுப்பிவிட்டு, அன்றிரவு மத்தேயு சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் படித்தோம்.

இந்த நட்சத்திரக் கதை நான்கு சுவிசேஷங்களில் அந்த ஒன்றில் மட்டுமே வருகிறது. கிழக்கிலிருந்து வந்தவர்களைத் தமிழ் வேதாகமம் 'சாஸ்திரிகள்' என்கிறது. மூவர் என்றோ, அரசர் என்றோ அங்கே சொல்லவில்லை. அவை பின்னால் சேர்ந்த மரபுகள். அந்த நட்சத்திரம் யாது என்று வான நூலாரும் ஆராய்ந்திருக்கின்றனர். 1603-ஆம் வருஷ முடிவில் வியாழனும் சனியும் வானத்தில் நெருங்கி நின்றதைக் கெப்ளர் கண்டார். மறு வருஷம் அப்பகுதியிலேயே ஒரு புதிய நட்சத்திரம் பிரகாசித்தது. கி.மு. 7-ஆம் வருஷத்திலும் அவ்விரு கிரகங்களும் இவ்வாறு நெருங்கின என்று அவர் கணித்தார். ஆனால் வான நூல் எதைச் சொன்னாலும் பையனுடைய கேள்வி அப்படியேதான் இருந்தது.

விடை கதைக்குள்ளேயே கிடந்தது. சாஸ்திரிகள் எருசலேமுக்கு வந்து, பிறந்த ராஜா எங்கே என்று விசாரிக்கிறார்கள். ஏரோது கலங்கிப்போய் வேதம் கற்ற பண்டிதர்களை அழைத்துக் கேட்கிறான். அவர்கள் தயக்கமின்றிப் பெத்லகேம் என்று ஊரைச் சொல்லி, தீர்க்கதரிசியின் வாக்கையும் ஆதாரம் காட்டுகிறார்கள். விடை முற்றும் சரி. எருசலேமிலிருந்து பெத்லகேம் ஏறக்குறைய ஆறு மைல். அந்தப் பண்டிதர்களில் ஒருவராவது எழுந்து போனதாகக் கதையில் இல்லை. நெடுந்தூரம் நடந்து களைத்த அந்நியர்களே மீண்டும் நடக்கிறார்கள். அவர்களுக்கே நட்சத்திரம் மறுபடி தென்படுகிறது.

கிறிஸ்துவ மதத்தில் ஒளி என்பதன் தாத்பரியம் இதில் பெரும்பகுதி அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. யோவான் தம் சுவிசேஷத்தை ஒளிக்கும் இருளுக்கும் உள்ள பகையைச் சொல்லித் தொடங்குகிறார். கூடாரப் பண்டிகையில் எருசலேம் ஆலய முற்றத்தில் பெரிய பொன் விளக்குத் தண்டுகளை ஏற்றுவார்கள் என்று யூதர்களின் பழைய நூலாகிய மிஷ்னா கூறுகிறது. அப்பண்டிகையை ஒட்டித்தான் ஏசுநாதர் தம்மை உலகத்துக்கு ஒளி என்று சொல்லிக்கொண்டதாக யோவான் எழுதுகிறார். அதே ஏசுநாதர் மலைப் பிரசங்கத்தில் தம்மைச் சூழ்ந்திருந்த எளிய ஜனங்களைப் பார்த்து, உலகத்துக்கு ஒளி நீங்களே என்கிறார். ஆகவே அந்த ஒளி அண்ணாந்து பார்ப்பதற்கு மட்டும் ஏற்பட்டதன்று. அதைப் பின்பற்றி நடக்கவும், நடந்தவர் பிறர்க்கு விளக்காகவும் ஏற்பட்டது. கதையில் நட்சத்திரமும் பயணம் முடியும் வரைதான் பேசப்படுகிறது. வீட்டைக் காட்டிய பின் அதைப்பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

இதைப் படித்ததும் நமக்கு மகிழ்ச்சி உண்டாகவில்லை. பண்டிதர்களின் வரிசையில் நம் முகத்தைக் கண்டோம். அந்தப் பையன் இரண்டு மாதமாக வாரத்துக்கு ஒரு நாள் பள்ளிக்கு வருவதில்லை. தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று ஒவ்வொரு தடவையும் அவன் சொன்னதை நாம் கேட்டு, வருகைப் புத்தகத்தில் சரியாகக் குறித்தும் வைத்திருக்கிறோம். குறிப்பில் பிழையில்லை. அவன் வீடு ஆறு மைலில் இல்லை. மூன்று தெரு தள்ளி இருக்கிறது. நாம் ஒரு நாளும் போனதில்லை.

மறுநாள் மாலை வீட்டில் சொல்லி, ஒரு பாத்திரத்தில் கஞ்சியும் துவையலும் வாங்கிக்கொண்டு புறப்பட்டோம். அந்த அம்மாள் எழுந்து உட்கார முயன்றார். "வாத்தியார் ஐயா இவ்வளவு தூரம் வரலாமா?" என்று அவர் கேட்டபோது நாம் தலை குனிந்தோம். உள்ளூர் வைத்தியரைப் பார்க்க ஏற்பாடு செய்து, பள்ளி முடிந்ததும் பையனுக்கு விட்டுப்போன பாடங்களைச் சொல்லித் தருவதாகவும் ஒப்புக்கொண்டோம்.

வாசலில் நட்சத்திரம் பாதி முடிந்து தொங்கியது. பதினெட்டு முனைகள் ஒட்டியாகிவிட்டன, ஏழு பாக்கி. பையன் அருகில் வந்து, "ஸார், அந்தக் கேள்விக்கு விடை?" என்றான்.

"அவர்களுக்கும் தெரிந்துதான் இருந்தது, தம்பி. ஆனால் நடக்கவில்லை" என்றோம்.

அவன் சற்று யோசித்துவிட்டு, பசைக் கிண்ணத்தை நம்மிடம் நீட்டினான். இருட்டுவதற்குள் மீதி ஏழையும் ஒட்டி முடித்தோம்.