தங்க முள்ளும் தகர ரசனையும்

பார்க்கர் 51 ஒரு படைப்பு, பார்க்கர் 21 அதன் மலிவுப் பதிப்பு என்று சென்ற மாதம் கவி நண்பர் ஒருவர் தீர்ப்பு வழங்கினார். கூடியிருந்த நாலு பேரும் தலையாட்டினார்கள். மலிவுப் பதிப்பு என்ற சொல்லை இத்தனை இளக்காரமாக உச்சரிக்கும் இவர்களில் பாதிப் பேர் மலிவுப் பதிப்புகளில் படித்து எழுத்துக்கு வந்தவர்கள். அது கிடக்கட்டும். பேனாவைப் பற்றியே பேசுவோம்.

51 சந்தைக்கு வந்தது 1941இல். விலை பன்னிரண்டரை டாலர். 1948இல் வந்த 21க்கு ஐந்து டாலர். முன்னதில் 14 காரட் தங்க முள். பின்னதில் எட்டுத் தனிமங்கள் கலந்த, ஆக்டேனியம் என்று பெயர் சூட்டப்பட்ட கலப்பு உலோகம். நண்பரின் வாதம் முழுக்க இந்தத் தங்கத்தின் மேல் நிற்கிறது. தங்கம் எழுதுகிறவன் கைக்கு வளைந்து கொடுக்கும், அவனை அறிந்துகொள்ளும் என்கிறார்.

அபத்தம். 51இன் முள், குழாய் போல உருட்டி, நுனி மட்டும் தெரியும்படி மூடிய கூட்டுக்குள் செருகப்பட்டது. அது யாருக்கும் வளையாது. காகிதத்தைத் தொடுவதும் தங்கம் அல்ல. நுனியில் பற்றவைத்த கடின உலோகத் துளி. அதை இரிடியம் என்கிறோம், பெரும்பாலும் அதில் இரிடியமே இருப்பதில்லை. அந்தக் காலத்து அமில மசி எஃகை அரித்தது, தங்கத்தை அரிக்கவில்லை. முள்ளுக்குத் தங்கம் வந்த முக்கியக் காரணம் இதுதான். ஆத்ம விசாரம் எதுவும் இல்லை. துருப்பிடிக்காத கலவைகள் வந்தபின் அந்தக் காரணமும் தளர்ந்துவிட்டது.

கம்பெனியே இதற்கு ஒரு பரிசோதனை செய்து வைத்திருக்கிறது. 1950இல் 51 ஸ்பெஷல் என்று ஒன்று வந்தது. அதே உடல், உள்ளே ஆக்டேனியம் முள், பத்து டாலர். நம் ரசிகர்கள் அதைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

கோடைக்கானலில் பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் வாங்கிய 51ம் 21ம் என்னிடம் இருக்கின்றன. இரண்டிலும் கட்டையைச் சுற்றிக் காகிதம் ஒட்டி, மூடிகளைக் கழற்றி, பழனியில் என் வீட்டுத் திண்ணையில் நண்பரிடம் கொடுத்தேன். பாங்க் சலான்களின் பின்பக்கத்தில் அரைமணி நேரம் எழுதிப் பார்த்தார். கடைசியில் தங்கம் என்று அவர் நீட்டியது 21. ஒரு தடவை தவறியதால் எதுவும் நிரூபணமாகிவிடாது என்று அவருக்காக நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த அரைமணி நேரத் தயக்கத்தை என்ன செய்வது?

இரண்டும் ஒன்றுதான் என்று நான் சொல்லவில்லை. வித்தியாசம் இருக்கிறது, இவர்கள் பார்க்காத இடத்தில் இருக்கிறது. 51இன் கட்டை லூசைட் என்ற அக்ரிலிக். எண்பது வருஷம் தாண்டியும் பளபளப்புக் குறையாமல் நிற்கிறது. 21க்குப் போட்டது பாலிஸ்டைரீன். முள்ளை மூடும் கூட்டில் அது விரிசல் விடும், சூடு பட்டால் உருக்குலையும். அடிவாரத்தில் பேனா ரிப்பேர் செய்யும் பெரியவர் 51ஐ இளஞ்சூடு காட்டித் திறப்பார். 21ஐக் கண்டால் விளக்கைத் தள்ளி வைத்துவிடுவார். சிக்கனம் பிடித்தது பிளாஸ்டிக்கில். ஐந்து டாலர்காரன் எழுத்தில் எதையும் இழக்கவில்லை, ஆயுளில் இழந்தான். இதைச் சொல்ல ஒரு விமர்சகன் வேண்டும். தங்கத்தைச் சொல்ல நகைக்கடைக்காரர் போதும்.

தங்கம் கூட்டுக்குள் ஒளிந்துவிட்ட பிறகு அந்தஸ்தை எங்கே காட்டுவது? கிளிப்பில். 51க்கு அம்பு, முதலில் வந்த 21க்கு அந்த அம்பு இல்லை. சட்டைப்பையில் தெரிவது அதுதான், எழுதாததும் அதுதான். 1958இல் பார்க்கரை எட்டிப்பிடிப்போம் என்று கிளம்பிய, பின்னால் ஹீரோ என்று பெயர் மாற்றிக்கொண்ட ஷாங்காய் தொழிற்சாலைக்கு இது நன்றாகப் புரிந்திருந்தது. ஹீரோ 616இல் எஃகு முள்ளைக் கூட்டுக்குள் மறைத்தார்கள், கிளிப்பில் அம்பை மறக்காமல் வைத்தார்கள். நம் ஊரில் ஒரு தலைமுறை அதைக்கொண்டு பரீட்சை எழுதியது. நம் நண்பரும் முதல் தொகுப்பின் கவிதைகள் முழுவதையும் அதில்தான் எழுதினார். கைப்பிரதி என்னிடம் இருக்கிறது, மசி இன்னும் வெளிறவில்லை.