ஊர்ல இருக்கிற பிரிண்டருக்கு ஒரு நிரந்தர விலாசம் கொடுத்துட்டுப் போங்க

பொங்கலுக்கு ஊருக்கு வர்ற பிள்ளைகள் இப்பல்லாம் வேட்டி சேலையோட வைஃபை பிரிண்டரும் வாங்கிட்டு வர்றாங்க. நல்ல விஷயம்தான். ஆனா அதை மாட்டிக் கொடுக்கிற விதம் எனக்குப் பிடிக்கலை. பெட்டியைப் பிரிச்சு, வைஃபை பாஸ்வேர்டைப் போட்டு, கம்ப்யூட்டர் தானா தேடிக் கண்டுபிடிச்சதும் ஒரு பக்கம் அடிச்சுப் பார்த்துட்டு, காணும் பொங்கலன்னைக்கு ராத்திரி பஸ் ஏறிடுறாங்க. பத்து நாள்ல கம்ப்யூட்டர் 'ஆஃப்லைன்'னு சொல்லுது. பிரிண்டர்ல பச்சை விளக்கு எரியுது, வைஃபையும் இருக்குது, ஆனா பேப்பர் மட்டும் வராது. அப்புறம் அது மேல அம்மா துணி மடிச்சு வைக்க ஆரம்பிச்சுடுவாங்க.

விவசாயிக்கு எதுக்குங்க பிரிண்டர்னு கேட்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. நேரடி கொள்முதல் நிலையத்துல நெல்லைப் போடணும்னா சிட்டா, அடங்கல், ஆதார், பேங்க் பாஸ்புக் எல்லாத்துக்கும் நகல் வேணும். பயிர்க் காப்பீட்டுக்கும் ஏறக்குறைய இதே கட்டுதான். கூட்டுறவு சங்கத்துல கடன் கேட்டாலும் இதே கட்டு. சிட்டாவை அரசாங்க இணையதளத்துல வீட்டுல இருந்தே எடுத்துக்கலாம். அந்தத் தாள்லயே ஒரு குறிப்பு எண் இருக்கு, அதைப் போட்டு உண்மைதானான்னு அவங்களே சரிபார்க்கலாம். அப்படி இருக்கும்போது தாளே எதுக்குன்னுதான் நானும் கேட்கிறேன். ஆனா கேட்கிறது வரைக்கும்தான் நம்ம கையில. களத்துல நெல்லைக் கொட்டி வச்சுட்டு, மேகம் கருக்குறப்போ அந்த வாதத்தைப் பேசிக்கிட்டு நிக்க முடியாது. நகலைக் கொடுத்துட்டு மூட்டையை ஏத்தத்தான் பார்ப்போம்.

டவுன் பிரவுசிங் சென்டருக்குப் போனா அஞ்சு ரூபா, பத்து ரூபாதானேன்னு நினைப்பீங்க. காசை விட எனக்கு உறுத்துறது வேற. நம்ம ஆதாரையும் பாஸ்புக்கையும் கடைக்காரத் தம்பியோட வாட்ஸ்அப்புக்கு அனுப்பணும். அவர் தரவிறக்கி, பிரிண்ட் போட்டுட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடுவார். அந்த ஃபைல் அங்கேயே கிடக்கும். ஊர்ல பாதிப் பேரோட ஆதார் அந்த ஒரு கம்ப்யூட்டர்ல இருக்கு. அந்தத் தம்பி நல்ல பிள்ளைதான், ஆனா அந்த நாற்காலியில நாளைக்கு யார் உட்காருவாங்கன்னு யாருக்குத் தெரியும்?

சரி, சென்னையில ஒழுங்கா ஓடுற அதே மாடல் பிரிண்டர் ஊர்ல ஏன் மக்கர் பண்ணுது? காரணம் கரண்ட்டு. வீட்டு நெட்வொர்க்குல ஒவ்வொரு சாதனத்துக்கும் ரூட்டர் ஒரு ஐபி எண் கொடுக்கும். அது வாடகை வீடு மாதிரி, தற்காலிகம்தான். உங்க ஃப்ளாட்ல ரூட்டர் மாசக்கணக்கா அணையறதே இல்லை, அதனால எண்ணும் மாறாது. இங்க ஒரு நாளைக்கு மூணு தடவை அணைஞ்சு எரியும். யாருக்கு எந்த எண் கொடுத்தோம்ங்கிறதைப் பல சின்ன ரூட்டர்கள் அப்போ மறந்துடும். கரண்ட் வந்ததும் முதல்ல கண் முழிக்கிற செல்போனுக்குப் பிரிண்டரோட பழைய எண் போனாலும் போயிடும். கம்ப்யூட்டர் பாவம், பழைய விலாசத்துல போய்க் கதவைத் தட்டிக்கிட்டு நிக்கும். இது போதாதுன்னு, தானா தேடிச் சேர்க்கிறப்போ விண்டோஸ் பல நேரம் டபிள்யூஎஸ்டிங்கிற முறையில பிரிண்டரைச் சேர்த்துடும். நல்லா ஓடுற பிரிண்டரையே ஆஃப்லைன்னு சொல்றதுல அது கெட்டிக்காரன்.

அதனாலதான் சொல்றேன், கையால மாட்டுங்க. அரை மணி நேர வேலை. முதல்ல ரூட்டரோட அமைப்புப் பக்கத்துக்குள்ள போங்க. நுழையறதுக்கான விவரம் பெரும்பாலும் ரூட்டருக்கு அடியில ஒட்டியிருக்கும். டிஹெச்சிபி பகுதியில 'அட்ரஸ் ரிசர்வேஷன்'னு இருக்கும். பிரிண்டரோட மேக் அட்ரஸைக் கொடுத்து, இவனுக்கு எப்பவும் 192.168.1.50தான்னு எழுதி வச்சுடுங்க. முதல் மூணு பகுதி உங்க ரூட்டருக்குத் தகுந்த மாதிரி மாறும். மேக் அட்ரஸ் எங்கன்னு தேடி அலைய வேண்டாம், பிரிண்டர்லயே நெட்வொர்க் விவரத் தாளை அடிச்சு எடுத்தா அதுல இருக்கும். முடிஞ்சதும் பிரிண்டரை ஒரு தடவை அணைச்சுப் போடுங்க, புது எண்ணை வாங்கிக்கும்.

அப்புறம் கம்ப்யூட்டருக்கு வாங்க. ஏற்கனவே தானா சேர்ந்ததை நீக்கிடுங்க. தயாரிப்பாளர் தளத்துல இருந்து டிரைவரை முதல்லயே இறக்கி நிறுவிடுறது நல்லது. செட்டிங்ஸ்ல 'பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்' போய் 'ஆட் டிவைஸ்' அழுத்தினா தேட ஆரம்பிக்கும். கொஞ்சம் பொறுத்தா, கையால சேர்க்கிறதுக்கு 'ஆட் மேனுவலி'ன்னு கீழே வரும். அதுல ஐபி அட்ரஸ் மூலமா சேர்க்கிறதைத் தேர்ந்தெடுத்து, சாதன வகை 'டிசிபி/ஐபி டிவைஸ்'னு வச்சு, நீங்க ஒதுக்கின எண்ணை அடிங்க. டிரைவர் பட்டியல்ல உங்க மாடலையே பார்த்து எடுங்க. சோதனைப் பக்கம் வந்தா முடிஞ்சது. அதுக்கப்புறமும் ஆஃப்லைன்னு அடம்பிடிச்சா, பிரிண்டர் பிராப்பர்ட்டீஸ்ல 'போர்ட்ஸ்', 'கான்ஃபிகர் போர்ட்' போய் 'எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ்' டிக்கை எடுத்துடுங்க. பாதி வியாதிக்கு அது மருந்து. இப்படிச் சேர்த்தா பிரிண்ட் மட்டும்தான் வரும், ஸ்கேனரைத் தனியா சேர்க்கணும். இதைச் சொல்லாம போனீங்கன்னா அதுக்கு வேற ராத்திரி பதினொரு மணிக்கு போன் வரும்.

"இவ்வளவு எதுக்கு மாமா, யூஎஸ்பி கேபிளைச் சொருகிட்டுப் போகலாமே"ன்னு அக்கா மகன் கேட்டான். ஒரே கம்ப்யூட்டர், ஒரே மேஜைன்னா அவன் சொல்றதுதான் சரி, நானும் அதையே சொல்வேன். ஆனா இங்க அப்பா செல்போன்லயும் அம்மா கம்ப்யூட்டர்லயும் பார்க்கிறாங்க, பக்கத்து வீட்டு அண்ணனும் வயல்ல இருந்து வந்து ஒரு அடங்கல் எடுத்துத் தாப்பான்னு நிக்கிறார்.

கிளம்புறதுக்கு முன்னாடி ரூட்டரையும் பிரிண்டரையும் அணைச்சு, பிரிண்டரைக் கடைசியா போட்டு, இன்னொரு பக்கம் அடிச்சுப் பாருங்க. கரண்ட் போய் வந்தாலும் ஓடுதான்னு அப்பவே தெரிஞ்சுடும். அந்த எண்ணை ஒரு பிளாஸ்திரியில எழுதிப் பிரிண்டர் முதுகுல ஒட்டுங்க. டிரைவரை ஒரு பென்டிரைவ்ல போட்டு அதே டிராயர்ல வைங்க. இங்க் டேங்க் வகைன்னா வாரம் ஒரு கலர் பக்கம் அடிக்கச் சொல்லுங்க, சும்மா கிடந்தா மை காய்ஞ்சு அடைச்சுக்கும். லேசர்ல அந்தத் தொல்லை இல்லை, ஆனா சூடேறுறப்போ கரண்ட்டை ரொம்ப இழுக்கும். அதை இன்வெர்ட்டர்ல மட்டும் சொருகிட்டுப் போயிடாதீங்க.