புயல் மழைக்கு முன் ஃப்ரீசரில் பால்... இதைக் கவனியுங்க!

2017 நவம்பர் 30. ஒக்கி புயல் கன்னியாகுமரி மாவட்டத்தைப் புரட்டிப்போட்ட நாள். மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்து, பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. இன்றும் மழை எச்சரிக்கை வந்ததும் கூடுதலாக இரண்டு பாக்கெட் பால் வாங்கி ஃப்ரீசரில் போடுபவர்கள் உண்டு. அதற்கும் ஒரு முறை இருக்கிறது.

பால் ஐஸ் கட்டியாகும்போது விரியும். பாக்கெட்டோடு வைத்தால் ஓரம் பிரிந்து கசியலாம். காய்ச்சி, ஆறவைத்து, மூடியுள்ள டப்பாக்களில் மேலே இரண்டு விரல் இடம்விட்டு ஊற்றுங்கள். ஒரு வேளைக்கு ஒரு டப்பா போதும். தேதி எழுதி, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

தேவைக்கு முதல் நாள் இரவே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். லேசான மஞ்சள் நிறமும், கொழுப்பு தனியே திரிவதும் இயல்புதான். நன்றாகக் குலுக்கிக் காய்ச்சினால் டீ, காபி, பாயசத்துக்குச் சரிவரும். இளகிய பாலை மறுபடி ஃப்ரீசரில் வைக்க வேண்டாம்.

கரன்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். நிரம்பிய பெரிய ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரம் குளிர் தாங்கும். பாதி நிரம்பியது 24 மணி நேரம். சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜின் சின்ன ஃப்ரீசர் அவ்வளவு தாங்காது.

ஒக்கி மாதிரி ஒன்று வந்தால் ஃப்ரீசர் பால் கைகொடுக்காது. அலமாரியில் ஒரு பால் பவுடர் பாக்கெட்டும் இருக்கட்டும்!