உறுதியில்லாத மண்ணில் ஒரு மரம்

வறட்சி வந்துவிட்டால் நகரத்திலிருந்து உபதேசங்கள் புறப்பட்டுவிடுகின்றன: மரங்களைக் காப்பாற்றுங்கள்! யாருக்கு இந்த உபதேசம்?

2017ஆம் ஆண்டு வறட்சியின்போது ஹட்டன் பக்கத் தோட்டமொன்றுக்குச் சென்றிருந்தேன். பீலியில் நூலிழையாய் நீர். லயத்து மூதாட்டி ஒருவர் பாத்திரம் கழுவிய நீரைச் சேர்த்துவைத்து, அந்தியில் வாசல் கொய்யாமரத்துக்கு ஊற்றினார். அடிமரத்தில் அல்ல, கிளைகள் விரிந்து முடியும் எல்லையில், நீருறிஞ்சும் நுண்வேர்கள் பரந்திருக்கும் இடத்தில். ஈரம் போகாதிருக்கச் சருகால் மூடினார்.

“நாளைக்குத் தொர வெட்டச் சொன்னா வெட்டத்தானேங்க வேணும்” என்றார்.

மலையகத் தமிழரின் வருகைக்கு 2023இல் 200 ஆண்டுகள் நிறைந்தன. வீட்டுக்கு 7 பேர்ச்சஸ் என்றார்கள். பின்னர் 10 என்றார்கள். லயத்தில் வாழ்பவர் பலரின் கையில் இன்றும் உறுதி இல்லை. மரம் வளர்க்க அவர்களுக்குக் கற்பிக்க வேண்டாம், ஐயாமாரே! காணியுறுதியைக் கொடுங்கள், மரத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.